எல்லம்மாவின் கண்ணில் நடந்தது

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் உண்டு. அந்த வாசலைத் தாண்டி உள்ளே, யாரோ ஒரு வெள்ளைக்காரரின் சமாதிமேல் ஊசிகளையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் பரப்பி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மழை ஓய்ந்து பனி தொடங்கியிருந்த நாட்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஏரிப்பக்கமிருந்து சேறும் கருவாடும் கலந்த வாடை வந்தது.

ஊர் நாய்கள் அந்த நேரத்துக்கு அங்கேதான் வந்து படுக்கும். பகல் வெயிலைச் சமாதிக் கற்கள் பிடித்து வைத்திருக்கும். கல்லுக்கு ஒரு நாய். ஒன்றும் குரைக்காது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

என் முன்னால் ஒரு செவலைப் பெட்டை நாய். பெயர் மணி. அதன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தவள் எல்லம்மா. முப்பது வயது இருக்கும். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி நண்டும் இறாலும் பிடிக்கிறவள். பிடித்ததைப் போடுவதற்கு ஒரு பனையோலைப் பறி. கை இரண்டும் வேலையாக இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வாள்.

நாயின் முன்னங்காலில் ஊசி இறங்கியது. கொஞ்சம் ரத்தம் எடுத்தேன்.

“நாய் ரத்தத்துல இன்னா பாப்பீங்க டாக்டரம்மா?”

நான் டாக்டர் இல்லை. ஆய்வகத்தில் டெக்னீஷியன். பலமுறை சொல்லிப் பார்த்தும் அவள் விடவில்லை.

“புழு இருக்கான்னு பார்ப்போம்.”

“ரத்தத்துலயா?”

“ஆமாம். சின்னது. மைக்ராஸ்கோப்புல வெச்சாத்தான் தெரியும்.”

அவள் நாயை விட்டுவிட்டாள். அது அவள் காலடியிலேயே படுத்தது.

“கண்ணுல இருக்குமா?”

“என்னது?”

“புழு. மனுசாள் கண்ணுல. உள்ள நடக்குமா?”

நான் சிரித்துவிட்டேன். கேலியாக இல்லை. பயந்த பிள்ளைக்குத் தைரியம் சொல்வதுபோலச் சிரித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

“கண்ணுல எல்லாம் புழு இருக்காது எல்லம்மா.”

அவள் தலையாட்டினாள். எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். நாலடி போனவள் திரும்பிப் பார்த்தாள்.

“அப்போ அது யாரு?”

என் பதிலுக்கு நிற்கவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

டப்பா கொடுத்த வேலை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்போது நான் சென்னையில் கால்நடை நோய்களை ஆராயும் ஒரு ஆய்வகத்தில் இருந்தேன். குடல் புழு, ரத்தப் புழு, ஈரல் புழு என்று பிற உடம்பில் ஒட்டிப் பிழைக்கிறவைதான் எங்கள் பிழைப்பு. ஏரியோர ஊர்களில் மனிதர்களிடம் என்னென்ன புழு இருக்கிறது, ஆடு, பன்றி, நாயிடம் என்னென்ன இருக்கிறது, எது இங்கிருந்து அங்கே தாவுகிறது என்று பார்க்கும் வேலைக்கு எங்களை அனுப்பியிருந்தார்கள். எங்களை என்றால், கால்நடை மருத்துவர் தணிகாசலமும் நானும்.

வாரத்தில் மூன்று நாள் பழவேற்காடு. மற்ற நாட்கள் சென்னையில் மைக்ராஸ்கோப்பு.

காலையில் வீடு வீடாகப் போய் மலம் எடுத்துத் தரச் சொல்லிச் சின்ன பிளாஸ்டிக் டப்பா கொடுப்பேன். மறுநாள் போய் வாங்கி வருவேன். பெண்கள் முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். ஆண்களில் பாதிப் பேர் நான் வருகிறேன் என்றதுமே கடலுக்குப் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் மிகவும் மரியாதையாக, வாழை இலை சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார். தணிகாசலம் சார் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

“வசந்தா, இந்த வீட்டுக்காரர் புல் மேயறார்.”

ஆட்டுப் புழுக்கையை நசுக்கிக் கொடுத்திருக்கிறார்.

சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் இந்த வேலைக்கு இன்னொரு முகம் உண்டு. அதை நான் முதலில் பார்த்தது படிக்கிற காலத்தில். ஒரு யானைக்கால் நோயாளியின் விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு சொட்டு ரத்தம். அதைக் காயவிடாமல் அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். ரத்த அணுக்கள் சந்தை நெரிசல் மாதிரி ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. எது தள்ளுகிறது என்று தெரியவில்லை. பிறகு நெரிசலை விலக்கிக்கொண்டு அது வெளியே வந்தது. கண்ணாடிபோல் ஒரு கோடு. வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்தது. அந்த மனிதர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றிரவு என் உடம்பு முழுக்கக் காது வைத்துக் கேட்டபடி படுத்திருந்தேன்.

கல்லில் எழுதாதது

பழவேற்காட்டில் வேலை முடிந்த சாயங்காலங்களில் எனக்குப் போக்கிடம் கல்லறைத் தோட்டம்தான். காவலாளி எழுத்துக் கூட்டி வயதுகளைச் சொல்லுவார். இருபத்தெட்டு. முப்பத்தொன்று. ஒரு குழந்தை. துணி வியாபாரம் பண்ண வந்தவர்கள், கோட்டையைக் காத்தவர்கள், அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள். கல்லில் கப்பல் இருக்கும், பூவேலை இருக்கும், புரியாத பாஷையில் நீளமாக எழுத்து இருக்கும். எதனால் செத்தார்கள் என்று மட்டும் நான் கேட்டால் காவலாளி உதட்டைப் பிதுக்குவார்.

“காய்ச்சல்தான் மேடம். வேற இன்னா?”

நான் அந்தக் கற்களில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அடித்த கொசுவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. கோட்டை இடிந்து மேடாகிவிட்டது. கப்பல் வருவது நின்றுபோய் எத்தனையோ தலைமுறை ஆகிறது. ஆனால் அந்தக் குழந்தையைக் கடித்த கொசுவின் வம்சம் ஊரைவிட்டுப் போகவில்லை. அன்று எதைத் தூக்கிக்கொண்டு பறந்ததோ அதை இன்றும் தூக்கிக்கொண்டுதான் பறக்கிறது. கீழே கிடப்பவர்களுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் எனக்கும் நடுவில் கல் ஒன்றுதான் தடுப்பு என்று பட்டது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து அறைக்கு வந்துவிட்டேன்.

நூல்

எல்லம்மா “அப்போ அது யாரு?” என்று கேட்டுவிட்டுப் போன ஒரு வாரத்தில், அவள் புருஷன் கன்னியப்பன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். ஒல்லியான ஆள். என் அறை வாசலிலேயே நின்றான்.

“மேடம், நரம்புக்கு ஊசி எதுனா வெச்சிருக்கீங்களா? மண்டை நரம்புக்கு.”

“யாருக்கு?”

“எங்க வூட்ல.”

கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஏரியோரமாக இருந்த பத்துப் பன்னிரண்டு குடிசைகளில் ஒன்று அவர்களுடையது. நடந்து போகும்போதே சொல்லிக்கொண்டு வந்தான். போன கோடையில் அவள் கன்னத்தில் ஒரு வீக்கம் வந்ததாம். நாலு நாளில் அது இல்லை. பிறகு புருவத்துக்கு மேலே வந்தது. அதுவும் போயிற்று. அதற்கப்புறம்தான் வலது கண்ணில் நூல் தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். வெள்ளை நூல். நகர்கிறது, நடக்கிறது என்றாள். வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். முதல் தடவை கண்ணுக்குச் சொட்டு மருந்து. இரண்டாம் தடவை தூக்க மாத்திரை.

ஊர் வேறு ஒன்று சொன்னது. மணி குட்டி போட்டபோது எல்லம்மா இரண்டு நாள் கல்லறைச் சுவரோரம் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். அங்கே கிடக்கிற வெள்ளைக்காரச்சி ஒருத்தி அப்போது அவள் கண் வழியாக உள்ளே போய்விட்டாளாம். கூடவே ஏரிக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் இப்போது அவளைவிட்டுத் தள்ளி இறங்கினார்கள். அவள் நிமிர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் கண்ணைப் பார்த்தால் அது தங்கள் கண்ணுக்குத் தாவிவிடும் என்று பயம்.

குடிசைக்குள் குனிந்து போனேன். எல்லம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வலைக் கயிற்றால் கட்டியிருந்தது. கயிற்றுக்கு அடியில் உராயாமல் இருக்கப் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது.

நான் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தேன்.

“நான்தான் கட்டினேன்” என்றான். “வேற இன்னா பண்ணச் சொல்றீங்க? மீன் முள்ளை எடுத்து நோண்டிகினா மேடம். ரத்தமா ஊத்துச்சு. நான் கண் அசந்தா இவளுக்குக் கண்ணே போயிடும்.”

எல்லம்மா அவன் சொன்னது சரிதான் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

டார்ச் அடித்து வலது கண்ணைப் பார்த்தேன். சிவந்திருந்தது. ஓரத்தில் முள் கீறிய காயம். வேறொன்றும் இல்லை. மேலே பார்க்கச் சொன்னேன், கீழே பார்க்கச் சொன்னேன், இமையைப் புரட்டினேன்.

“இல்ல” என்று அவளே சொன்னாள். “நீங்க வந்தா பூடுது. வெளிச்சம் கண்டா உள்ள பூடும். அடுப்பு முன்னாடி உக்காந்தா வரும்.”

“சரி எல்லம்மா.”

அடுப்பு முன்னால் வரும் என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. வெளியே வந்து, கன்னியப்பனிடம் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். அவன் வேறு ஒரு ஏற்பாடு செய்திருந்தான். தெற்கே ஏதோ ஓர் இடத்தில் புத்தி கலங்கியவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்துக் குணப்படுத்துகிறார்களாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போகப் போகிறான்.

“எத்தனை நாள் இருக்கணும்?”

“சரியாவற வரைக்கும் வுட்டுட்டு வரணுமாம்.”

அதைச் சொல்லிவிட்டு, கயிற்றுக்கடியில் துணி விலகியிருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனான்.

அறைக்கு வந்து என் நோட்டில் அந்த வீட்டு எண்ணுக்கு நேராக ஒரே ஒரு சொல் எழுதினேன். மனப்பிரமை.

ஐந்தாம் எண் ஸ்லைடு

வியாழக்கிழமை காலை சென்னையில் நாய்களின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயம் போட்டுக் காயவைத்த ஸ்லைடுகள். முதல் நாலில் ஒன்றுமில்லை. ஐந்தாவதை வைத்து வெளிச்சத்தைச் சரி செய்தேன். பார்த்த இடமெல்லாம் புழு. தலைவாரிய பிறகு தரையில் கிடக்கும் முடி மாதிரி அங்கங்கே சுருண்டு கிடந்தன. ஐந்தாம் எண் எந்த நாய் என்று நோட்டைப் புரட்டினேன். மணி.

ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. மனிதர்களின் யானைக்கால் புழுக்குஞ்சுக்கு உடம்பைச் சுற்றி மெல்லிய உறை இருக்கும். இதற்கு இல்லை. பருமனும் அதிகம். தணிகாசலம் சாரைக் கூப்பிட்டேன்.

அவர் பார்த்துவிட்டு, “ம், இது வேற ஜாதி” என்றார். “நாய்க்குத் தோலுக்கடியில இருக்கும். பெரிய புழு, ஒரு விரலைவிட நீளம். தோலுக்கடியிலேயே சுத்திக்கிட்டிருக்கும். நாய்க்கு அதனால பெருசா ஒண்ணும் ஆகாது. கொசு கடிச்சா அடுத்த நாய்க்குப் போகும்.”

“மனுஷங்களுக்கு?”

“அபூர்வமா வரும். கொசுவுக்கு நாய் எது, ஆள் எதுன்னு தெரியுமா என்ன? எங்கயாவது வீக்கம் வரும், போயிடும், வேற இடத்துல வரும்.” எழுந்து அலமாரியிலிருந்து அட்டை பிய்ந்த ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் தேடினார். “இதோ. சில சமயம் கண்ணுக்குக்கூட வந்துடுமாம்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

கன்னம், புருவம், கண். வெளிச்சம் கண்டால் போய்விடும். அவள் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். ஒரு மருத்துவ மாணவன் எழுதுகிற குறிப்பைவிடத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். நான் சிரித்திருந்தேன்.

“சார், நாளைக்குக் காலையில ஒருத்தியைச் சங்கிலி போடற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க” என்றேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

அவர் புத்தகத்தை மூடவில்லை. “நீ கிளம்பு. நான் கண் டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லி வெக்கறேன். ஆனா ஒண்ணு வசந்தா, கண்ணால பார்த்தாத்தான் நிச்சயம். பார்க்காம அந்தப் பொண்ணுகிட்ட எதையும் சொல்லிடாதே.”

அடுப்பு முன்னால்

பொன்னேரியில் பஸ் மாறிப் பழவேற்காட்டில் இறங்கியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஏறக்குறைய ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். குடிசை வாசலில் துணி மூட்டை ஒன்று கட்டித் தயாராக இருந்தது. மணி அதன்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது.

“அடுப்பை மூட்டுங்க” என்றேன்.

கன்னியப்பன் என்னை விழித்துப் பார்த்தான். எனக்கும் ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

“எல்லம்மா சொன்னா இல்லே, அடுப்பு முன்னாடி வரும்னு. மூட்டுங்க. நானும் உட்கார்றேன்.”

சவுக்குச் சுள்ளி பற்றிக்கொண்டது. நண்டு வேகவைக்கும் பானையில் தண்ணீர் ஊற்றி ஏற்றினான். எல்லம்மாவை அடுப்புக்கு எதிரே உட்காரவைத்தேன். நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளி, முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். டார்ச்சைக் கையில் எடுக்கவில்லை. தீ வெளிச்சம் மட்டும்.

காத்திருந்தோம். தண்ணீர் கொதித்து அடங்கியது. அவன் மறுபடி சுள்ளி வைத்தான். அவள் முகம் வேர்த்து வழிந்தது. வாசலில் பக்கத்துக் குடிசைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை. அரைமணி போயிருக்கும். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. வராவிட்டால் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

“வருது” என்றாள் எல்லம்மா.

“எங்கே?”

“மூக்குப் பக்கமா.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை அசைக்கவில்லை. வலது கண்ணின் உள்மூலையில், வெள்ளை விழியின்மேல் போர்த்திய மெல்லிய தோலுக்கடியில், ஏதோ ஒன்று மேடிட்டது. ஈரத் துணிக்கு அடியில் ஒரு நூல் தானாக நகர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. வெள்ளையாக, தையல் நூல் பருமனுக்கு. நிதானமாக வந்தது. கருவிழியின் விளிம்பைத் தொட்டு நின்றது. வளைந்தது. விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியது.

அவள் அசையவில்லை. அது அசைந்தது.

இந்த வேலையில் நான் பார்த்த புழுக்கள் ஆயிரம் இருக்கும். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இதற்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அவள் பார்வை என்மேல் இருந்தது. அதன் குறுக்கே அது போய்க்கொண்டிருந்தது. பின்னால் நகர வேண்டும்போல் இருந்தது. நகர்ந்தால் அவள் பார்ப்பாள் என்று கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தேன்.

“தெரிதா?” என்றாள், உதட்டை மட்டும் அசைத்து.

“தெரியுது எல்லம்மா. எனக்கும் தெரியுது.”

கன்னியப்பன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். “யம்மா!” என்று ஒரே ஒரு சத்தம். வாசலில் நின்ற ஒருத்தி வீறிட்டுக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் அவள் பின்னால் ஓடினார்கள். அவன் ஓடவில்லை. மண்டியிட்டு அவள் கைக்கட்டை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு அவிழவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தான்.

“நெஜமாத்தான் சொல்லிகினு இருந்தியா?” என்று கேட்டுக்கொண்டே கடித்தான். “இத்தினி நாளா நெஜமாத்தான் சொல்லிகினு இருந்தியா?”

“பின்ன?” என்றாள் அவள்.

சூட்டுத் துணி

மறுநாள் முதல் பஸ்ஸில் மூவரும் சென்னைக்குப் புறப்பட்டோம். அந்த வாசல் மூட்டை அப்படியே எங்களோடு வந்தது, வேறு திசையில்.

கண் ஆஸ்பத்திரியில் தணிகாசலம் சார் சொல்லிவைத்திருந்த டாக்டரம்மா, ஐம்பது வயது இருக்கும், எங்களை உடனே கூப்பிட்டார். பெரிய விளக்கு, பெரிய கருவி. எல்லம்மாவின் மோவாயை அதில் தாங்கவைத்து வெகுநேரம் பார்த்தார்.

“எதுவும் இல்லையேம்மா” என்றார் என்னிடம். “நீங்க பார்த்தது நிச்சயமா?”

“நிச்சயம் மேடம்.”

“இருக்கிற இடம் தெரியாம நான் எங்கே கத்தி வைக்கிறது?”

நியாயமான கேள்வி. கன்னியப்பன் கைகளைப் பிசைந்தான். அப்போது எல்லம்மா கருவியிலிருந்து முகத்தை எடுத்தாள்.

“விளக்கை அணைங்க” என்றாள். “துணியை சுடுதண்ணில முக்கிக் குடுங்க.”

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பெரிய டாக்டர்களில் சிலருக்கு அந்தக் குணம் உண்டு, கேட்டுக்கொள்வார்கள். நர்ஸிடம் தலையசைத்தார். விளக்கை அணைத்தார்கள். எல்லம்மா சுடுதுணியைக் கன்னத்திலும் புருவத்திலும் மாறி மாறி ஒற்றிக்கொண்டாள். மூன்றாம் தடவை துணி மாற்றியபோது, ஏரியில் குனிந்து கைக்கு எட்டிய நண்டைப் பற்றிச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

“மேலால கீது. காது பக்கம். இப்ப இறங்குது.”

டாக்டர் சின்ன விளக்கு ஒன்றை மட்டும் போட்டு, மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டார். “அசையாதேம்மா” என்றார். நகம் அளவுக்குக்கூட இல்லாத ஒரு வெட்டு. இடுக்கி உள்ளே போயிற்று. பிடித்தது. டாக்டர் இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. முடிந்தது என்று நினைத்தபோது இன்னும் வந்தது. நர்ஸ் உப்புத் தண்ணீர் கிண்ணத்தை நீட்டினாள். அதற்குள் விழுந்ததும் சுருண்டு, விரிந்து, எட்டுப் போட்டது.

நல்ல நீளம். என் நடுவிரலைவிட அதிகம்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாயிடமிருந்து வந்தது என்று தெரிந்ததும் குப்பத்தில் சிலர் நாய்களை அடித்துப்போடக் கிளம்பினார்கள். கன்னியப்பனே மணியைப் படகில் ஏற்றி ஏதாவது தீவில் விட்டுவிட்டு வருகிறேன் என்றான். எல்லம்மா விடவில்லை. தணிகாசலம் சார் போய் நாய்களுக்கு மருந்து போட்டார். கொசுதான் காரணம், நாய் இல்லை என்று ஒரு மாலை முழுக்கப் பேசினார். பாதிப் பேர் நம்பினார்கள். பெண்கள் மறுபடியும் எல்லம்மாவுடன் ஏரிக்கு இறங்க ஆரம்பித்தார்கள். ஆனாலும் ஒருத்தி மட்டும் கடைசிவரை அவளை நேராகப் பார்த்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நானும் பல மாதம் கண்ணாடி முன்னால் நின்று, கீழிமையை இழுத்து, என் கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மேசைமேல்

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஆஸ்பத்திரிப் பிற்பகலைப் பற்றி.

கண்ணில் கட்டுப் போட்டு, ஒரு மணி நேரம் படுத்திருக்கச் சொன்னார்கள். டாக்டர் மூன்று முறை என்னிடம் சொன்னார். அந்தக் கண்ணில் ஈரம் படக்கூடாது, குளிக்கக்கூடாது, அழக்கூடாது.

அங்கேயே சின்ன ஆய்வக அறை இருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உடம்பு நெடுகிலும் உழுத சால் மாதிரி மெல்லிய வரிகள். புத்தகத்தில் சொன்னதுபோலவே. எல்லம்மாவின் விரலிலிருந்து எடுத்த ரத்தத்தையும் பார்த்து முடித்திருந்தேன்.

காலடிச் சத்தம் கேட்டது. எல்லம்மா வந்து நின்றாள். கன்னியப்பன் வாசலோடு நின்றுவிட்டான். அவனுக்கு உள்ளே வரத் தைரியம் இல்லை.

“இதுவா?”

“இதுதான்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டில்லாத கண்ணால் கிண்ணத்துக்குள் பார்த்தாள். அது மெதுவாக நீந்திக்கொண்டிருந்தது.

“ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பளை.”

“குட்டி போட்டுச்சா எனக்குள்ள?”

“இல்லை. உன் ரத்தத்தைப் பார்த்துட்டேன். ஒண்ணுகூட இல்லை. பயப்படாதே.” அவள் நிம்மதி அடைவாள் என்று நினைத்து மேலும் சொன்னேன். “நாய் உடம்பா இருந்தா அதுக்கு ஜோடி கிடைச்சிருக்கும். மனுஷ உடம்பு அதுக்குச் சேராது. அநேகமா ஒண்ணே ஒண்ணுதான் தங்கும். போக்கிடம் தெரியாம சுத்தும். அதனாலதான் கன்னம், புருவம்னு இடம் மாறிச்சு.”

“ஒண்டியாவா?”

“ஆமாம்.”

“கோடையில இருந்தா?”

“அதுக்கு முன்னாடியிலிருந்தே இருக்கலாம்.”

நான் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். புழு உயிரோடு இருக்கும்போதே அதில் போட்டால்தான் நேராக நீளும், பிறகு வைத்துப் பார்க்கச் சரியாக இருக்கும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எல்லம்மா என் கைமேல் கை வைத்தாள். சேறும் உப்பும் ஊறிக் காய்த்துப்போன கை. மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இன்னும் மறையவில்லை.

“உசிரு கீதே.”

“கொஞ்ச நேரம்தான் இருக்கும்.”

“தானா போவட்டும் டாக்டரம்மா.”

நான் மூடியைத் திருப்பி மூடினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே டிராலி தள்ளும் சத்தம், யாரோ பெயர் கூப்பிடும் சத்தம். அது ஒரு தடவை கிண்ணத்தின் விளிம்புவரை வந்து, தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அப்புறம் நடுவிலேயே கிடந்தது. வால் முனை மட்டும் வெகுநேரம் அசைந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

“பூடுச்சு” என்றாள் எல்லம்மா.

கட்டுக்கு அடியில் பஞ்சு நனைந்து, கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. டாக்டர் மூன்று முறை சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.